தன்னை அறியும் வழி: அலெக்சாண்டர் லூரியா

நுழையும்முன்

தம்மைப் பற்றிக் கூறுமாறு கேட்டால், ஒருவர் தம் குணத்தைக் கூறுவார். மற்றொருவர் தம் ஊரையும் உறவையும் கூறுவார். இவ்வேறுபாடு பிறப்பால் வருவதா, வாழும் சூழலால் வருவதா? இவ்வினாவுக்குக் களத்தில் இறங்கி விடை தேடிய உளவியல் அறிஞர் ஒருவரின் வாழ்வை அறிவோம்.

அலெக்சாண்டர் லூரியா 1902ஆம் ஆண்டு ரஷ்யாவின் கசான் நகரில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கசான் பல்கலைக்கழகத்தில் பயின்றபின் மாஸ்கோ சென்று, வைகாட்ஸ்கியோடு இணைந்து பணியாற்றினார். மனித மனம் பண்பாட்டாலும் மொழியாலும் உருப்பெறுகிறது என்பது வைகாட்ஸ்கியின் கருத்து. அதனை ஆய்ந்து காண விழைந்த லூரியா, 1931, 1932 ஆகிய ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தானின் சிற்றூர்களுக்கும் கிர்கிசியாவின் மலைப்பகுதிகளுக்கும் ஆய்வுக்குழுவுடன் சென்றார். நோயுற்றிருந்த வைகாட்ஸ்கியால் உடன்செல்ல இயலவில்லை.

எழுத்தறிவு வகுப்புகளும் கூட்டுப்பண்ணைகளும் அங்குப் புதிதாகப் புகுத்தப்பட்டு வந்த காலம் அது. ஆகவே, எழுத்தறியா உழவர்களையும் சிறிதளவு பயின்றோரையும் ஒரே வட்டாரத்தில் ஒப்பிட முடிந்தது. ஆய்வாளர்கள் தேநீர்க்கடைகளில் மக்களோடு அமர்ந்து பேசி, பேச்சினூடே வினாக்களைத் தொடுத்தனர். தம் குணங்களையும் குறைகளையும் பற்றிக் கேட்டபோது, எழுத்தறியா உழவர் பலர் நிலம், உணவு, உடை ஆகியவற்றில் தமக்குள்ள குறைகளையே கூறினர். தம்மைப் பற்றிப் பிறரிடம் கேட்குமாறு சொன்னோரும் உண்டு. கல்வியும் கூட்டுப்பண்ணை அனுபவமும் பெற்றோரோ தம் இயல்புகளை எடுத்துரைத்தனர். அவர்களுள் சிலர், தாம் சேர்ந்து உழைக்கும் குழுவின் நிறைகுறைகளைக் கொண்டே தம்மை மதிப்பிட்டனர். தன்னைத் தானே ஆராயும் திறன் பிறரோடு பழகும் வாழ்வில் வளர்வது என லூரியா முடிவு செய்தார்.

இவ்வாய்வு அவருக்குத் துன்பத்தையே தந்தது. சிறுபான்மைத் தேசிய இன மக்களை இழிவுபடுத்தினார் எனக் குற்றம் சாட்டப்பட்டார். ஆய்வு நூலாக வெளிவர 1974 வரை காத்திருக்க நேர்ந்தது. பள்ளி சார்ந்த வினாக்களால் பள்ளியறியா மக்களை அளத்தல் தகுமா எனப் பிற்கால ஆய்வாளர்களும் வினவினர். அவ்வினா பொருளுடையதே. நிலத்தைக் கொண்டு தம்மைச் சொன்ன உழவரின் விடை அறியாமையன்று. அவர் வாழ்ந்த வாழ்வின் மொழி.

பின்னர் மருத்துவமும் பயின்ற லூரியா, இரண்டாம் உலகப்போரில் மூளையில் காயமுற்ற வீரர்களின் மறுவாழ்வுக்கு உழைத்தார். நினைவும் சொல்லும் சிதைந்த வீரர் ஒருவர், இழந்த தம்மை மீட்க ஏறத்தாழ 25 ஆண்டுகள் எழுதிய குறிப்புகளைக் கொண்டு ஒரு நூலும் படைத்தார். 1977இல் மாஸ்கோவில் மறைந்தார். மனிதரை அளக்க முற்படுவோர் முதலில் அவர்தம் வாழ்வை அறிதல் வேண்டும் என்பதை, அவரது ஆய்வும் அது சந்தித்த வினாக்களும் நமக்கு உணர்த்துகின்றன.