குயில்குன்றிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வரை: ஒரு பெயரின் பயணம்



தேனி, கம்பம், கூடலூர் பக்கத்துப் பசங்க யாராவது உங்க செட்டில் இருந்திருந்தால் பென்னிகுவிக் என்ற பெயரைக் கட்டாயம் கேட்டிருப்பீங்க. அங்கே டீக்கடைச் சுவரில் காந்தி, நேரு படத்துக்குப் பக்கத்தில் மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர் படம் தொங்கும். பிறந்த பிள்ளைக்கு அவர் பெயரை வைப்பவர்களும் உண்டு. முல்லைப் பெரியாறு அணை கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக்தான் அவர். அணையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அந்தப் பெயர் எங்கே பிறந்தது, யார் யார் தோளில் ஏறி நம்ம மலைப்பக்கம் வந்து சேர்ந்தது என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில் ஒரு சிற்றூர் இருக்கிறது. எழுத்தைப் பார்த்தால் பெனிகுயிக் என்று வாசிக்கத் தோன்றும். அந்த ஊர்க்காரர்கள் பென்னிகுக் என்றுதான் சொல்லுவாங்க. நம்ம கம்பம் விவசாயிகள் பென்னி குக் என்று சொல்வதைச் சில பேர் கொச்சை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அசல் உச்சரிப்புக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான்! வேல்ஸ் மொழியோடு உறவுள்ள பழைய பிரிட்டானிய மொழியில் 'பென்' என்றால் தலை, குன்று. 'காக்' என்றால் குயில் இனப் பறவை. ஆக, நம்ம பாஷையில் சொன்னால் குயில்குன்று.

ஊர்ப்பெயர் எப்படி ஆள்பெயர் ஆனது? அதற்குக் காரணம் நார்மன்கள். வட பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்தவர்கள், தங்கள் நிலம் இருந்த ஊரின் பெயரை 'டி' என்ற எழுத்தைச் சேர்த்துக் குடும்பப்பெயராக வைத்துக்கொண்டார்கள். நார்மண்டியின் பிரிக்ஸ் என்ற ஊரிலிருந்து வந்ததுதான் ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற புரூஸ் வம்சப் பெயர். 12-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் டேவிட் நார்மன் பிரபுக்களை அழைத்து நிலம் கொடுத்தார். அவர்களைப் பார்த்து உள்ளூர் நிலக்காரர்களும் அதே மாதிரி பெயர் வைத்துக்கொண்டார்கள். அப்படி எழுந்ததுதான் 'டி பெனிகுயிக்'. சொல் பிரிட்டானியச் சொல். அதைக் குடும்பப்பெயராக்கிய வழக்கம் நார்மன் வழக்கம். நம்ம பக்கத்திலும் இனிஷியலில் ஊரைச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் உண்டே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒன்றைக் கவனிக்கணும். பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லோரும் ஒரே பிரபு வம்சம் என்று ஆகிவிடாது. ஊரை விட்டு வெளியே போன சாதாரண ஆளையும் ஊர்ப்பெயரால் கூப்பிடுவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்தானே. பழைய நிலக்காரக் குடும்பத்தின் கையை விட்டு நிலமும் போனது. 17-ஆம் நூற்றாண்டில் அது கிளார்க் என்ற குடும்பத்திடம் வந்தது. அந்தக் கிளார்க் குடும்பத்தின் வாரிசுதான், நாம் எல்லோரும் மின்காந்தவியலில் முட்டி மோதிய சமன்பாடுகளைத் தந்த ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். இ.சி.இ., ட்ரிபிள்-இ நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்!

நிலம் போனாலும் பெயர் போகவில்லை. அந்தப் பெயரைச் சுமந்தவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து இந்தியா வந்தார். அவர்தான் நம்மவரின் தகப்பனார். அவர் பெயரும் ஜான் பென்னிகுவிக்தான். இரண்டாம் சீக்கியப் போரில், 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபின் சிலியன்வாலாவில் பிரிகேடியராகப் படை நடத்திப் போய் மாண்டார். அதே களத்தில் 17 வயது மகன் அலெக்சாண்டரும் உயிர்விட்டான். 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்த நம் ஜானுக்கு எட்டாவது பிறந்தநாள் வர இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. ஒரே நாளில் அப்பாவும் இல்லை, அண்ணனும் இல்லை. அந்தக் குடும்பத்துக்கு இந்திய மண் அதுவரை கொடுத்தது இதுதான்.

அந்தப் பையன் இந்தியாவே வேண்டாம் என்று ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் படித்து, மெட்ராஸ் எஞ்சினியர்ஸ் படையில் அதிகாரியாகி, 1860-ல் இங்கே வந்தார். 1868 அபிசீனியப் படையெடுப்பில் பங்கெடுத்ததைத் தவிர, அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி பொதுப்பணித் துறையில் கழிந்தது. அவர் 1879-ல் மணந்த கிரேஸின் பிறந்தவீட்டுப் பெயர் சாமியர். மதக் கொடுமைக்குத் தப்பிப் பிரான்ஸை விட்டு வந்த ஹியூகனாட் மக்களிடையே வழங்கிய பெயர் அது. பெயர்களுக்கும் அகதி வாழ்க்கை உண்டு போலும்.

இப்போது நம்ம மலைக்கு வருவோம். ஆய்க்குடியிலிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் மலைத்தொடர் வடக்கே சொக்கம்பட்டி, சிவகிரி என்று நீண்டு போகிறது. சிவகிரிக்கு மேற்கேயுள்ள மலைகளில்தான் பெரியாறு பிறக்கிறது. பிறந்த ஆறு கிழக்கே நம்ம பக்கம் இறங்காமல், வடக்கே ஓடி, முல்லையாற்றோடு சேர்ந்து, மேற்கே திரும்பி அரபிக்கடலுக்குப் போய்விடுகிறது. நமக்காவது செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வரும். கம்பம், மதுரை, ராமநாதபுரம் மக்களுக்கு மலை மறைப்பு. அந்தப்பக்கம் கொட்டுகிற மழை இந்தப்பக்கம் கிடையாது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது.

ஆற்றைத் திருப்பும் யோசனை பென்னிகுவிக்குடையது அல்ல. 1789-லேயே ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பி மலையை ஆராயச் செய்தார். பணம் இல்லாமல் நின்றது. 1808-ல் ஆய்வு செய்த கால்டுவெல் என்ற பொறியாளர் (மொழியறிஞர் கால்டுவெல் வேறு) இது வெறும் கனவு என்று எழுதிவிட்டுப் போனார். 1850-ல் தொடங்கிய சிறு முயற்சி காட்டுக் காய்ச்சலால் நின்றது. ஆக, பிறர் கைவிட்ட கோப்பைத் தூசி தட்டி, 1882-ல் புதுத் திட்டம் தயாரித்தவர்தான் பென்னிகுவிக். 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை கையெழுத்தானது. 8000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், வருஷத்துக்கு 40,000 ரூபாய்.

வேலை 1887-ல் தொடங்கியது. திட்டத்தின் சூத்திரம் ரொம்ப எளிமை. ஆற்றின் குறுக்கே அணை கட்டு. தண்ணீர் மட்டம் உயர்ந்து மலைமுகட்டுப் பக்கம் வரட்டும். அங்கே சுரங்கம் வெட்டிக் கிழக்கே இறக்கிவிடு. செய்வதுதான் கஷ்டம். அடர்ந்த காடு, யானை, மலேரியா, வருஷத்தில் சில மாதமே வேலை செய்யத் தோதான பருவம். வெள்ளம் வந்து போட்ட வேலையை அடித்துக்கொண்டு போன நாட்களும் உண்டு. மலைமேல் சாமான் ஏற்றக் கம்பிவடப் பாதை போட்டார்கள். சுமார் 5,700 அடி நீளத்துக்குச் சுரங்கம் குடைந்தார்கள். அணை, அஸ்திவாரத்திலிருந்து 176 அடி உயரம், சுமார் 1200 அடி நீளம். முகப்பு கருங்கல் கட்டு; உள்ளே சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கான்கிரீட். சுர்க்கி என்பது சுட்ட களிமண் பொடி. சுண்ணாம்போடு சேர்ந்தால் ஈரத்திலேயே இறுகும் குணம் அதற்கு உண்டு. 1979-க்குப் பிறகு கான்கிரீட் தாங்கலும் இரும்பு வடங்களும் சேர்த்து அணையைப் பலப்படுத்தினார்கள். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்துவைக்க, அரபிக்கடல் தண்ணீர் வைகையில் கலந்தது.

அரசு பணம் தராததால் அவர் இங்கிலாந்தில் சொத்தையும் மனைவி நகைகளையும் விற்று அணை கட்டினார் என்று ஒரு கதை உண்டு. கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் அதற்கு ஆவணச் சான்று இல்லை. அணை அரசுப் பணத்தில் கட்டியது. இதைச் சொன்னால் தேனி நண்பர்கள் கோபிப்பார்கள். நான் அவரைக் குறைக்கவில்லை. தந்தையையும் அண்ணனையும் வாங்கிக்கொண்ட நாட்டில், எல்லோரும் ஆகாது என்று தள்ளிய வேலையை வருஷக்கணக்கில் காட்டில் நின்று முடித்தாரே, அது போதாதா? அவருக்கு இல்லாத நகையைப் பூட்டணுமா?

நாம் சேர்க்க வேண்டிய கணக்கு வேறு ஒன்று இருக்கிறது. அணை வேலையில் நோய் கண்டு இறந்தவர்கள் 483 பேர் என்று அரசுப் பதிவு சொல்கிறது. அணைக்கு அருகிலேயே புதைத்தார்கள். பென்னிகுவிக் என்ற பெயருக்கு எழுநூறு வருஷத்துக்கு மேல் வரலாறு சொல்ல முடிகிறது. அந்த 483 பேருக்கு எண் மட்டும்தான் நிற்கிறது.

அணைக்குப் பின் அவர் இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் இந்தியப் பொறியியல் கல்லூரிக்கு 1896 முதல் 1899 வரை தலைவராக இருந்தார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நதி வெள்ளத்தைத் தடுக்கவும் யோசனை சொன்னார். 1911 மார்ச் 9-ல் கேம்பர்லியில் காலமானார்; ஃபிரிம்லி தேவாலயத்தில் அடக்கம். மகன் சர் ஜான் பென்னிகுவிக் பின்னாளில் இங்கிலாந்தில் நீதிபதியானார். 2013 ஜனவரி 15-ல் லோயர் கேம்ப்பில் தமிழக அரசு மணிமண்டபம் திறந்தது. தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். 2022-ல் கேம்பர்லியில் சிலையும் வைத்தாயிற்று. அவர் பிறந்தநாள் தைப்பொங்கலை ஒட்டியே வருவதால், தேனிப் பக்கக் கிராமங்களில் அவர் பெயரிலேயே பொங்கல் வைக்கிறார்கள்.

ஸ்காட்லாந்தில் பென்னிகுவிக் என்பது அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் குடும்பப்பெயர். கம்பத்தில் அது, ரத்த உறவே இல்லாத விவசாயி தன் பிள்ளைக்கு ஆசையாகத் தேர்ந்தெடுத்து வைக்கும் பெயர். நிலம் கைமாறினாலும் பெயர் நின்றது ஒரு விதம். தண்ணீர் கொடுத்ததால் பெயர் நின்றது இன்னொரு விதம். இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

படிக்கும் தம்பி தங்கைகளே, ஒருமுறை லோயர் கேம்ப் போய் வாருங்கள். நாளை நீங்கள் சைட்டில் நிற்கும்போது, கல்வெட்டில் யார் பெயர் வரும் என்று மட்டும் பார்க்காமல், உங்களோடு வேலை செய்த கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர் பெயர்களையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 483 என்ற மாதிரி எண்ணாக யாரும் போய்விடக் கூடாது. சங்கம் வளரட்டும், அடுத்த சந்திப்பில் பார்ப்போம்.