ஒரு தணிக்கையாளரின் ஐந்தொகை
ஜே.சி. குமரப்பாவின் வாழ்வு தரும் பாடம்

கபிலை நதிக்கரையில் ஸ்ரீகண்டேசுவரர் எழுந்தருளியிருக்கும் நஞ்சன்கூடு, மைசூருவிலிருந்து சுமார் 23 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இன்று அத்தலத்திற்குச் செல்பவர் இரு வேறு காட்சிகளைக் காணலாம். ஒருபுறம், ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் பெரிய தொழிற்பேட்டை. மறுபுறம், சாமராஜநகர் செல்லும் வழியில் பதனவாளு என்ற சிற்றூர். கைராட்டையையும் கைத்தறியையும் நம்பி அங்கே தோன்றிய கதர் நிலையத்தைக் காந்தியடிகளே வந்து பார்த்திருக்கிறார். அதன் பழைய கட்டடங்கள் நெடுங்காலம் பாழடைந்து கிடந்தன. 2015ஆம் ஆண்டு, நீடித்த எளிய வாழ்வை வலியுறுத்தி நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த மக்கள் அங்கே கூடியபோது அவ்வூரின் பெயர் மீண்டும் பேசப்பட்டது.

இவ்விரு காட்சிகளுக்கும் இடையில் ஒரு கேள்வி நிற்கிறது. வயிற்றுக்காகச் செய்யும் தொழிலும் மனம் ஏற்றுக்கொண்ட உயர்ந்த கொள்கையும் ஒன்றாக இருக்க முடியுமா? பணியில் இருப்போர் பலரும் கேட்கும் கேள்வி இது. அலுவலகத்தில் ஒருவராகவும் பூஜையறையில் வேறொருவராகவும் வாழ்வது அவர்களை வருத்துகிறது. வேலையை விட்டுவிட்டால் குடும்பம் என்னாகும் என்ற அச்சமும் உடன் எழுகிறது.

பதனவாளு போன்ற ஊர்களில் சுழன்ற ராட்டைக்குப் பின்னால் ஒரு முழுமையான பொருளாதாரச் சிந்தனை உண்டு என்று உலகிற்குக் காட்டியவர் ஒரு தமிழர். அவர் ஜே.சி. குமரப்பா. அவரது வாழ்வு இக்கேள்விக்குத் தெளிவான விடை தருகிறது.

வெற்றியின் பாதையில்

1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் குமரப்பா பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். தந்தை அரசாங்கப் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். ஒழுங்கும் நேரந்தவறாமையும் குழந்தைகளுக்குத் தந்தையிடமிருந்தும், இரக்கமும் இறைப்பற்றும் தாயிடமிருந்தும் வந்தன.

இளம் வயதிலேயே இங்கிலாந்து சென்று கணக்கியல் பயின்று, தகுதிபெற்ற கணக்காளராக லண்டனில் சில காலம் பணியாற்றினார். முதல் உலகப்போர் முடிந்தபின், தாயின் விருப்பத்திற்கிணங்கித் தாயகம் திரும்பினார். பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். பின்னர் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து சொந்த நிறுவனமும் தொடங்கினார். மேனாட்டு உடை, மேனாட்டுப் பழக்கவழக்கம், செல்வந்தர்களின் நட்பு, நாளுக்கு நாள் பெருகும் வருவாய் என்று உலகியல் நோக்கில் குறையேதும் இல்லாத வாழ்வு அது.

அந்நாளில் அவர் நாட்டுப்பணியைப் பற்றிச் சிந்தித்தவர் அல்லர். ஆங்கில ஆட்சியின்மீது வெறுப்புக் கொண்டவரும் அல்லர். தம் தொழிலை நேர்மையாகச் செய்து வந்தார், அவ்வளவே. எனினும் அந்த நேர்மைதான் பிற்காலத்தில் அவரைத் திசை திருப்பிற்று என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஒரு கேள்வி பிறந்தது

1927ஆம் ஆண்டு அவர் அமெரிக்கா சென்றார். சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்று, நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பயிலத் தொடங்கினார். அங்கே செலிக்மன் என்னும் புகழ்பெற்ற பேராசிரியர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

ஒரு நாள் தேவாலயம் ஒன்றில், இந்தியா ஏன் வறுமையில் வாடுகிறது என்பதைப் பற்றிக் குமரப்பா உரையாற்றினார். அவ்வுரையைப் பற்றிய செய்தி நாளிதழில் வெளிவந்தது. அதைப் படித்த செலிக்மன், அப்பொருளையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுமாறு மாணவருக்கு அறிவுறுத்தினார்.

அதுவரை கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்தவர், இப்போது ஒரு நாட்டின் கணக்கைத் தணிக்கை செய்ய அமர்ந்தார். மக்களிடமிருந்து எவ்வளவு வரி வாங்கப்படுகிறது? அது எங்கே செல்கிறது? கொடுத்தவர்களுக்கு அதில் எவ்வளவு திரும்பி வருகிறது? ஏழை உழவன் தந்த பணம் படைச் செலவுக்கும், கடன் வட்டிக்கும், உயர் அதிகாரிகளின் சம்பளத்துக்கும் போகிறது என்பதை ஏடுகளே அவருக்குக் காட்டின. இந்தியாவின் வறுமை விதியால் வந்ததன்று, பெருமளவும் நிர்வாகத்தால் விளைந்தது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

எந்த மேடைப் பேச்சும் செய்யாத மாற்றத்தைத் தம் தொழிலறிவே தமக்குச் செய்துவிட்டதை அவர் கண்டார். உண்மை தெரிந்துவிட்டது. தெரிந்தபின் பழையபடி வாழ்வது எப்படி?

மரத்தடியில் ஒரு சந்திப்பு

ஆய்வை முடித்துக்கொண்டு 1929இல் தாயகம் திரும்பிய குமரப்பா, அதை நூலாக வெளியிட விரும்பினார். காந்தியடிகளிடம் காட்டலாம் என்று நண்பர்கள் கூறினர். 1929 மே 9ஆம் நாள், சபர்மதி ஆசிரமத்தில் சந்திக்க நேரம் குறிக்கப்பட்டது.

பட்டு உடையும் கைத்தடியுமாகச் சென்ற குமரப்பா, குறித்த நேரத்திற்கு முன்னரே போய்ச் சேர்ந்துவிட்டார். சாணமிட்டு மெழுகிய தரையில், ஒரு மரத்தடியில் அமர்ந்து முதியவர் ஒருவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். குமரப்பா நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்து அம்முதியவர் தலைநிமிர்ந்து, வந்திருப்பவர் குமரப்பாதானா என்று வினவினார். அப்போதுதான் தம் முன் இருப்பவர் காந்தியடிகள் என்று இவருக்குப் புரிந்தது. உடனே, மடிப்புக் கலையாத உடையைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் அமர்ந்துவிட்டார். யாரோ நாற்காலி கொண்டுவந்தபோதும் அதை அவர் ஏற்கவில்லை.

ஆய்வைத் தமது யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட அடிகள் இசைந்தார். அத்துடன் ஒரு பணியையும் முன்வைத்தார். குஜராத்தின் கிராமங்களுக்குச் சென்று மக்களின் உண்மையான பொருளாதார நிலையைக் கணக்கெடுக்க வேண்டும் என்பதே அது. குமரப்பாவுக்குக் குஜராத்தி மொழி தெரியாது. கிராம வாழ்வும் பழக்கமில்லை. ஆயினும் அவர் ஒப்புக்கொண்டார்.

குஜராத் வித்யாபீடத்தின் மாணவர்களை அழைத்துக்கொண்டு, கேடா மாவட்டத்தின் மாதர் தாலுகாவில் கிராமம் கிராமமாகச் சென்றார். ஒவ்வொரு குடும்பத்தின் வரவையும் செலவையும் கடனையும் கேட்டு எழுதினார். கொலம்பியாவில் காகிதத்தில் கண்ட வறுமையை இப்போது முகத்தோடு முகமாகக் கண்டார். அதன்பின் பம்பாய்த் தொழிலுக்கு அவர் திரும்பவில்லை. பட்டு உடை போய்க் கதர் வந்தது. கார்னீலியஸ் என்ற பெயர் போய், குடும்பத்தின் முன்னோர் பெயரான குமரப்பா நிலைத்தது.

தொழிலை விடவில்லை

குமரப்பா தம் தொழிலைத் துறந்தார் என்று சொல்வது வழக்கம். அது முழு உண்மையன்று. வருமானத்தையும் அந்தஸ்தையும் துறந்தாரேயன்றித் தொழிலறிவை அவர் துறக்கவில்லை. எந்தத் திறமை அவரை வளமாக்கியதோ, அதே திறமையை ஏழைகளின் பக்கம் திருப்பி வைத்தார்.

உப்புச் சத்தியாகிரகக் காலத்தில் யங் இந்தியா இதழின் பொறுப்பை ஏற்று, 1931இல் சிறை சென்றார். அதே ஆண்டு, இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான பொதுக்கடனை ஆராய காங்கிரஸ் அமைத்த குழுவில் முதன்மைப் பங்கு வகித்தார். இந்தியாவின் பெயரில் எழுதப்பட்ட கடனில் எவ்வளவு நியாயமானது என்பதை ஒரு தணிக்கையாளரின் கண்கொண்டு பிரித்துக் காட்டிய பணி அது.

1934 ஜனவரியில் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. இராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணியின் கணக்குப் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. துயருற்றோருக்காக மக்கள் தந்த பணத்தில் ஒரு காசும் வேறு வகையில் செலவாகக் கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார். தொண்டர்களுக்கு மிகக் குறைந்த தினப்படியே வகுத்திருந்தார். காந்தியடிகளும் அவருடன் வந்தோரும் பாட்னா வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதியிலிருந்து தர இயலாது என்று பணிவோடு, ஆனால் தெளிவாகத் தெரிவித்தார். யாரை நம்பித் தம் வாழ்வையே மாற்றிக்கொண்டாரோ, அவருக்கும் அந்த விதியைத் தளர்த்தவில்லை. அடிகள் அதை மனமுவந்து ஏற்றார்.

கொள்கை என்பது பெரிய தியாகங்களில் மட்டும் வெளிப்படுவதன்று. தினப்படிக் கணக்கிலும் அது வெளிப்படும். பம்பாய் அலுவலகத்தில் பயின்ற கண்டிப்புதான் பாட்னாவில் தருமமாயிற்று.

மகன்வாடியில்

1934இன் இறுதியில் அகில இந்திய கிராமத் தொழிற்சங்கம் தோன்றியது. வார்தாவில் உள்ள மகன்வாடி அதன் தலைமையிடமாயிற்று. செயலாளராகப் பொறுப்பேற்ற குமரப்பா, எளிய குடிலில் வாழ்ந்தபடி செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், கைக்காகிதம், தேனீ வளர்ப்பு ஆகியவற்றை ஆராய்ந்து பயிற்சி அளிக்கும் பணியை நடத்தினார். மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கும் அங்கே உருவாயிற்று.

இவை வெறும் பழமைப் பற்றால் செய்யப்பட்டவை அல்ல. ஆலையில் தீட்டிய அரிசி கிராமத்துப் பெண்ணின் வேலையைப் பறிக்கிறது, உண்பவனின் சத்தையும் பறிக்கிறது, லாபமோ வேறோர் இடத்தில் சேர்கிறது என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு பொருளின் விலையில் எழுதப்படாத இழப்புகளையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும் என்பது அவரது வாதம். நிலக்கரி, பெட்ரோலியம் போன்று எடுக்க எடுக்கக் குறையும் இருப்பை நம்பி வாழும் சமுதாயம், போட்டியிலும் போரிலும் முடியும் என்றும் எச்சரித்தார். சுற்றுச்சூழல் பற்றிய பேச்சு பரவலாகாத காலம் அது.

1942ஆம் ஆண்டு இயக்கத்தைத் தொடர்ந்து சிறையில் இருந்த நாட்களில் நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றிய நூலையும், இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றிய நூலையும் எழுதினார். முன்னதில் மனிதர் பொருளீட்டும் வகைகளை ஐந்தாகப் பகுக்கிறார். பிற உயிரைக் கொன்று வாழும் புலியைப் போன்ற வாழ்வு முதலாவது. நட்டு வளர்க்காமல் தோட்டத்துக் கனியைப் பறித்துண்ணும் குரங்கைப் போன்றது இரண்டாவது. தன் கூட்டைத் தானே கட்டும் பறவையைப் போன்றது மூன்றாவது. தன் கூட்டத்திற்காக உழைக்கும் தேனீயைப் போன்றது நான்காவது. பயன் கருதாமல் குஞ்சுக்கு ஊட்டும் தாயின் தொண்டு ஐந்தாவது. மனிதன் முன்னிரண்டிலிருந்து படிப்படியாக ஐந்தாவதை நோக்கி உயர வேண்டும். அவரைப் பொறுத்தவரை, பொருளாதாரமும் ஆன்மிகமும் வெவ்வேறு ஏடுகள் அல்ல.

தனிமையும் நிறைவும்

விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்று, உழுபவருக்கு நிலவுரிமை வேண்டும் என்று 1949இல் அறிக்கை அளித்தார். ஆனால் நாடு பெருந்தொழில்களின் வழியில் விரைந்தது. குமரப்பாவின் குரலைக் கேட்போர் குறைந்தனர். நண்பர்கள் பதவிகளில் அமர்ந்திருந்தபோதும், தவறெனக் கண்டதைத் தவறென்றே அவர் எழுதினார். அதன் விலையான தனிமையையும் ஏற்றார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. உடல்நலமும் குன்றி வந்தது.

இறுதி ஆண்டுகளில் மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சிறு குடிலில் வாழ்ந்தார். அங்கே அவரைக் காண வந்த வினோபா பாவே, சுவரில் இரு படங்களைக் கண்டார். ஒன்று காந்தியடிகளின் படம். மற்றது, பெயரறியாத ஏழைக் கிராமவாசி ஒருவரின் படம். முன்னவர் தம் தலைவர் என்றும், பின்னவர் தம் தலைவருக்கும் தலைவர் என்றும் குமரப்பா விளக்கினார்.

1960 ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், குமரப்பாவும் மறைந்தார். 1973இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற சிறியதே அழகு என்னும் தம் நூலில் ஷூமாக்கர் அவரது கருத்துகளை எடுத்தாண்டார்.

நமக்கான கணக்கு

எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கிராமம் செல்ல வேண்டும் என்பதா இவ்வாழ்வு தரும் பாடம்? அன்று. குமரப்பாவுக்குக் காக்க வேண்டிய மனைவி மக்கள் இல்லை. நம்மில் பலருக்கு அந்தப் பொறுப்பு உண்டு. அதைக் கைவிடுவதும் தருமம் ஆகாது. ஆனால் நாம் இருக்கும் இடத்திலேயே அவர் வழியில் நடக்க மூன்று படிகள் உள்ளன.

முதலாவது, நம் தொழிலின் கணக்கை முழுமையாகப் பார்ப்பது. என் சம்பளம் எங்கிருந்து வருகிறது? என் உழைப்பால் யார் வாழ்கிறார்கள், யார் தாழ்கிறார்கள்? இக்கேள்வியைக் குமரப்பா தவிர்த்திருந்தால் அவர் பம்பாயில் செல்வந்தராக வாழ்ந்து மறைந்திருப்பார்.

இரண்டாவது, கற்ற திறமையை வீணாக்காமல் திசை மாற்றுவது. கணக்கரும் மருத்துவரும் ஆசிரியரும் பொறியாளரும் தம் அறிவில் ஒரு பங்கை, அதற்கு விலை கொடுக்க இயலாதவருக்கு அளிக்க முடியும். அப்பங்கு நாளடைவில் வளரும்.

மூன்றாவது, சிறியவற்றில் தளராமை. ஒரு பொய்யான பற்றுச்சீட்டில் கையெழுத்திட மறுப்பது சிறு செயல்தான். ஆனால் அந்தச் சிறு மறுப்பைப் பழகாதவருக்குப் பெரிய துறவு கைகூடாது.

நஞ்சன்கூட்டுத் தொழிற்பேட்டையில் பணிபுரிபவராயினும், பதனவாளுவில் நூல் நூற்பவராயினும், ஆண்டின் இறுதியில் ஒருமுறை அமைதியாக அமர்ந்து தம் வாழ்வின் ஐந்தொகையை எழுதிப் பார்க்கலாம். பெற்றது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்று இரு பக்கமும் எழுத வேண்டும். அந்த ஏட்டைத் தணிக்கை செய்ய வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. நம் உள்ளத்தில் உறையும் சாட்சியே அதற்குப் போதும்.