செலவு யார் கணக்கில் ஏறுகிறது? பொருளியலாளர் அம்பேத்கரின் வாழ்க்கை

1901ஆம் ஆண்டு. சத்தாரா மாவட்டத்தின் மசூர் ரயில் நிலையத்தில் சில சிறுவர்கள் இறங்கினார்கள். கோரேகாவில் பஞ்ச நிவாரணப் பணியில் காசாளராக இருந்த தந்தையைக் காண அவர்கள் புறப்பட்டிருந்தார்கள். கையில் பணம் இருந்தது, உடையும் நேர்த்தியாக இருந்தது. ஆனால் மகர் சாதியினர் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் அவர்களை ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. நெடுநேரத்துக்குப் பின் ஒருவர் உடன்பட்டார். கூலி இரட்டிப்பு. வண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். இரவு முழுதும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமலேயே அந்தப் பயணம் நடந்தது. அச்சிறுவர்களில் ஒருவர் பீமாராவ் அம்பேத்கர்.

இந்த நிகழ்வைத் தீண்டாமைக் கொடுமையின் சான்றாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். அதைக் கணக்காகவும் படிக்கலாம். மாட்டுக்கு வேண்டிய தீவனமும் கடக்க வேண்டிய தூரமும் மாறவில்லை, எனவே வண்டிக்காரரின் செலவு கூடவில்லை. அவர் செய்த வேலையோ குறைந்தது. ஆயினும் விலை இரண்டு மடங்கானது. மறுத்துவிட்டு வேறு வண்டியைத் தேடும் வலிமை வாங்குபவருக்கு இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் அங்கே இல்லை. விலை என்பது செலவினால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று, மறுக்கும் ஆற்றல் யாரிடம் இருக்கிறது என்பதாலும் தீர்மானிக்கப்படுகிறது. அம்பேத்கரின் பொருளியல் எழுத்துகளையும் சட்டப் பணிகளையும் ஒருசேர வாசித்தால், இந்தக் கேள்வியே அவற்றினூடே ஓடுவதைக் காணலாம்: ஒருவருடைய ஆதாயத்தின் செலவு யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது?

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் இராணுவக் குடியிருப்பில் பிறந்த அவர், 1912இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றார். பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பொருளியலை முதன்மைப் பாடமாகக் கற்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றி அங்கே ஆய்வுரை எழுதினார். 1916இல் லண்டன் பொருளியல் பள்ளிக்குச் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது.

பரோடாவில் அரசுப் பதவி கிடைத்தது, தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் தங்கியிருந்த அவரைத் தடியேந்திய கூட்டம் வெளியேற்றியது. பம்பாய் திரும்பியபின் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை வழங்கும் தொழிலைத் தொடங்கினார். ஆலோசகரின் சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள். அறிவுக்குச் சந்தையில் விலை உண்டு என்பது பாடநூலின் கூற்று. அந்த அறிவை வைத்திருப்பவரின் பிறப்பு அவ்விலையைச் சுழியாக்கிவிடும் என்பது அவருடைய அனுபவம்.

1918இல் அவர் வெளியிட்ட இந்தியாவின் சிறு நிலவுடைமைகள் பற்றிய கட்டுரை, உற்பத்திச் செலவு குறித்த தெளிவான ஓர் ஆய்வாகும். நிலம் துண்டு துண்டாகிவிட்டது, ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கினால் வேளாண்மை செழிக்கும் என்பது அன்றைய அதிகாரிகள் பலரின் கருத்து. அம்பேத்கர் வேறொரு வினாவை எழுப்பினார். நிலத்தின் அளவு தனித்து நின்று எதையும் சொல்லாது. அந்நிலத்தோடு எவ்வளவு மூலதனமும் உழைப்பும் சேர்கின்றன என்ற விகிதமே அது இலாபம் தருமா என்பதைத் தீர்மானிக்கும். ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு சோடி மாடும் ஓர் ஏரும் மட்டுமே உள்ள உழவரிடம் 5 ஏக்கருக்குப் பதில் 15 ஏக்கரைக் கொடுத்தால் அவர் வளம் பெறமாட்டார். கூடுதல் நிலம் சரியாக உழப்படாமல் கிடக்கும். கருவிகளின் பற்றாக்குறையைக் கணக்கில் கொண்டால், இருக்கும் நிலமே அவருக்கு அதிகம்.

அவர் கண்ட மூல நோய் வேறு. வேறு வேலை இல்லாததால் தேவைக்கு மிஞ்சிய மனிதர்கள் நிலத்தின்மீது குவிந்திருந்தார்கள். உற்பத்தியில் பங்கு பெற வழியில்லாத உழைப்பும் உண்டாக வேண்டும், அந்தச் செலவு நிலத்தின் விளைச்சலிலிருந்தே போனது. எனவே தொழில்மயமாக்கமே தீர்வு என்றார். ஆலைகள் மிகையான உழைப்பை ஈர்த்துக்கொண்டால் நிலத்தின்மீதான அழுத்தம் குறையும், மூலதனமும் பெருகும். நிலமற்றோர் பக்கம் நின்று பார்த்தால் இதன் பொருள் இன்னும் ஆழமானது. ஊரைவிட்டு வெளியேற ஒரு வாயில் இருந்தால்தான் கூலியை மறுக்க ஒரு வலிமை பிறக்கும்.

அதே 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். அங்கும் உடன் பணியாற்றிய சிலர், பொதுப் பானையிலிருந்து அவர் தண்ணீர் எடுப்பதை எதிர்த்தார்கள். சம்பளத்தில் சேமித்தும், கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியும் நண்பரின் கடனும் பெற்றும் 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். 1923இல் அவருக்கு டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது. ரூபாயின் சிக்கல் என்ற நூல் அவ்வாண்டே வெளிவந்தது.

அந்நூலின் மையத்தைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஓர் ஏற்றுமதியாளர் லண்டனில் ஒரு பவுனுக்குச் சரக்கு விற்கிறார். ஒரு ரூபாய் 2 ஷில்லிங் மதிப்புடையதாக இருந்தால் அவருக்கு 10 ரூபாய் கிடைக்கும். ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 4 பென்சாக வீழ்ந்தால் அதே சரக்குக்கு 15 ரூபாய். உள்ளூரில் அவர் கொடுக்கும் கூலி 6 ரூபாயாகவே நின்றால், மீதம் 4 ரூபாயிலிருந்து 9 ரூபாயாக உயர்கிறது. நாட்டுக்கே ஆதாயம் என்று வணிகர்கள் சொல்லலாம். ஆனால் ரூபாயின் மதிப்பு குறையும்போது தானியத்தின் விலை ஏறுகிறது. அதே 6 ரூபாய்க் கூலி இப்போது குறைந்த தானியத்தையே வாங்கும்.

1870களிலிருந்து வெள்ளியின் விலை வீழ்ந்தபோது நடந்தது இதுவே என்று அம்பேத்கர் காட்டினார். ஏற்றுமதியாளரின் கூடுதல் இலாபத்தின் ஒரு பகுதி, விலைவாசியின் வேகத்துக்கு ஏறாத கூலியிலிருந்து வந்தது. அது அயல்நாட்டாரிடமிருந்து ஈட்டிய செல்வமன்று, உள்நாட்டில் ஒரு வர்க்கத்தின் பையிலிருந்து இன்னொரு வர்க்கத்தின் பைக்கு மாறிய செல்வம். பவுனுக்கு எத்தனை ரூபாய் என்பதைவிட, ஒரு ரூபாய் சந்தையில் எவ்வளவு பொருள் வாங்குகிறது என்பதே மக்களுக்கு முக்கியம் என்றார். அரசு தன் விருப்பப்படி ரூபாயை அச்சிடும் வாய்ப்பு இருக்கும்வரை விலைவாசி நிலைபெறாது என்று கருதி, அந்த அதிகாரத்துக்கு வரம்பிடக் கோரினார். தங்கச் செலாவணி முறையை ஆதரித்த கெய்ன்ஸின் கருத்தை மறுத்தார். அவருடைய ஆசிரியர் எட்வின் கேனன் அந்நூலுக்கு முன்னுரை எழுதி, அதிலேயே தம் கருத்து வேறுபாட்டையும் பதிவு செய்தார்.

1925இல் அமைக்கப்பட்ட ஹில்டன் யங் ஆணையத்தின் முன்னும் அம்பேத்கர் சாட்சியமளித்தார். ரூபாயின் மதிப்பைக் குறைக்க வேண்டிய தேவையை ஓரளவு ஏற்றார். ஆனால் வணிக வர்க்கத்தின் நலனையும் சம்பளத்தில் வாழ்வோரின் நலனையும் ஒருங்கே எடைபோட்டு ஓர் எல்லைக்குள் நிற்க வேண்டும் என்று வலியுறுத்தினார். ரிசர்வ் வங்கியே அவருடைய நூலிலிருந்து பிறந்தது என்று நம் மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. அவ்வங்கிக்கான பரிந்துரை அந்த ஆணையத்தினுடையது. அவர் அதன் முன் வாதிட்ட பொருளியலாளர்களில் ஒருவர். மிகைப்படுத்தாமலே போற்றத்தக்கது அவர் பணி. ஒவ்வொரு விகிதத்துக்குப் பின்னாலும் ஒரு கூலியாள் இருக்கிறார் என்பதை அந்த அவையில் அவர் நினைவூட்டினார்.

1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டபின் அதே அளவுகோலை வரிக்கும் பொருத்தினார். வருமான வரிக்கு ஒரு விலக்கு வரம்பு உண்டு. நிலவரிக்கோ அப்படி எதுவும் இல்லை, விளைந்தாலும் விளையாவிட்டாலும் மிகச் சிறிய உழவரும் கட்ட வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வை வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் அவர் கண்டித்தார்.

1928இல் மகர் வதன் முறையைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். ஊருக்கும் அரசுக்கும் இரவு பகலெனப் பாராது ஏவல் செய்வது மகர்களின் பரம்பரைக் கடமையாக இருந்தது. ஒருவர் இல்லையென்றால் குடும்பத்தில் இன்னொருவர் போக வேண்டும். ஈடாகக் கிடைத்தவை சிறு மானிய நிலமும் ஊரார் அளக்கும் கொஞ்சம் தானியமும் அற்பத் தொகையும். நிர்வாகத்தின் செலவை ஒரு சாதியின் உடலின்மீது ஏற்றிய ஏற்பாடு அது. அம்மசோதா நிறைவேறவில்லை, அவர் மறைந்தபின் 1958இல்தான் அம்முறை சட்டப்படி ஒழிந்தது. கொங்கணத்தில் இடைத்தரகர்களாக இருந்து குத்தகையாளர்களைச் சுரண்டிய கோத்தி முறையை ஒழிக்க 1937இல் மசோதா கொண்டுவந்தார். 1938 ஜனவரியில் உழவர்கள் பம்பாயில் திரண்டு பேரணி நடத்தினார்கள்.

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் பொறுப்பில் இருந்தது. ஆலைகளின் வாராந்தர வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டது. 1946 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதிய மசோதாவை அவர் அறிமுகப்படுத்தினார், அது 1948இல் சட்டமானது. சந்தை எவ்வளவு கீழே தள்ளினாலும் உழைப்பின் விலை இறங்கக் கூடாத ஒரு தளத்தை அச்சட்டம் கட்டியது. அவர் தலைமையிலான வரைவுக் குழு உருவாக்கிய அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார்.

இவ்விரண்டு இழைகளும் 1982இல் ஒன்றாயின. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் குறித்த வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் 23ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பசியும் வறுமையும் ஒருவரை உடன்பட வைக்குமானால் அந்த உடன்பாடு சுதந்திரமானதன்று என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. மசூர் நிலையத்துச் சிறுவர்களுக்கும் அந்த இரட்டிப்புக் கூலிக்கு உடன்படுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

தொழிலாளர் வழக்குகளில் ஒப்பந்தக் கோப்புகளைப் புரட்டும்போது இந்தக் கணக்கு இன்றும் முடியவில்லை என்பதை உணர்கிறேன். துப்புரவுப் பணிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது. மிகக் குறைந்த தொகை குறிப்பிட்டவருக்கே வேலை. வண்டியின் விலையையும் டீசலின் விலையையும் ஒப்பந்ததாரரால் குறைக்க முடியாது. குறைக்கக் கூடியவை கூலி, வருங்கால வைப்புநிதி, கையுறை, விடுப்பு ஆகியவையே. உள்ளாட்சி அமைப்பின் ஏட்டில் சிக்கனம் என்று எழுதப்படும் தொகை, பெரும்பாலும் தலித்துகளான தொழிலாளர்களின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட தொகை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது 2019இன் ஊதியச் சட்டத்தொகுப்பில் கரைக்கப்பட்டிருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும் கேள்வி மாறவில்லை.

மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் நகராட்சியின் துப்புரவு ஒப்பந்தத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறுங்கள். மொத்தத் தொகையில் ஊதியத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு, எத்தனை பேருக்கு, எத்தனை நாளுக்கு என்று வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் எண் அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்தைவிடக் குறைவென்றால், கையெழுத்திட்ட அன்றே அந்த ஒப்பந்தம் கட்டாய உழைப்புக்கான ஏற்பாடாகிவிட்டது. ஒப்பந்ததாரர் கொடுக்கத் தவறும் ஊதியத்தைக் கொடுக்கும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவருக்கு உண்டு என்று சட்டமும் சொல்கிறது. அம்பேத்கர் சிலைக்கு மாலையிடும் நகராட்சியிடம் அந்தக் கணக்கைக் காட்டி விடை கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.