உயிலும் உதவித்தொகையும்: வள்ளல் பச்சையப்பர் வாழ்வு தரும் படிப்பினை



ஆண்டுதோறும் இம்மலரில் சமுதாயத்திற்கு உழைத்த பெரியார் ஒருவரின் வாழ்வை நினைவுகூர்வது நம் வழக்கம். இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பவர் நம் மார்க்கத்தவர் அல்லர். அவர் பெயரால் எழுந்த கல்லூரியின் கதவும் நூறாண்டுக்கு மேல் நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கவில்லை. இருந்தும் காவிரிக் கரையில் உயில் எழுதி, காவிரிக் கரையிலேயே கண்மூடிய அந்த மனிதரின் கதை, வக்ஃபு சொத்துகளை அமானிதமாகப் பெற்றிருக்கும் நமக்கும், உதவித்தொகை தேடி அலையும் நம் பிள்ளைகளுக்கும் மிகவும் வேண்டிய பாடம் என்று கருதியே இங்கு எழுதுகிறோம். அவர்தாம் வள்ளல் பச்சையப்ப முதலியார்.

பச்சையப்பர் 1754ஆம் ஆண்டு பிறந்தார். அவர் பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார். ஆதரவற்ற தாய், சென்னைக்கு வடக்கேயுள்ள பெரியபாளையத்தில் ஒருவரின் நிழலில் தங்கிப் பிள்ளையைப் பெற்றெடுத்தார். சில ஆண்டுகளில் அந்த நிழலும் நீங்கியது. கையில் பொருளின்றிப் பிள்ளைகளுடன் சென்னைக்கு வந்த அத்தாய்க்கு, அக்காலத்தில் செல்வாக்கோடு விளங்கிய நாராயண பிள்ளை என்பவர் அடைக்கலம் தந்தார். சிறுவனுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்க ஏற்பாடு செய்தவரும், வணிகத்தின் நெளிவு சுளிவுகளைப் பழக்கியவரும் அவரே. பிற்காலத்தில் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் கற்கக் காரணமாயிருந்த செல்வம், பிறர் தயவால் கற்ற ஒரு யத்தீம் பிள்ளையின் கையால் ஈட்டப்பட்டது என்பதை நாம் முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

அக்காலத்தில் ஆங்கிலக் கும்பெனியாருக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையில் நின்று பேச்சும் கொடுக்கல் வாங்கலும் நடத்தியவர்களைத் துபாஷிகள் என்று அழைத்தனர். இரு மொழி அறிந்தவர் என்பது அச்சொல்லின் பொருள். பச்சையப்பர் இளமையிலேயே துபாஷித் தொழிலில் இறங்கி, இருபது வயதைக் கடந்த சிறிது காலத்திலேயே பொருளுடையவரானார். வரி வசூலைக் குத்தகைக்கு எடுப்பதும், பெரியவர்களுக்குக் கடன் கொடுப்பதும் அவருடைய தொழிலாயின.

அத்தொழிலே அவரைத் தஞ்சைக்கு அழைத்து வந்தது. 1781ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படையெடுப்பால் தஞ்சைச் சீமை பெரிதும் பாழ்பட்டிருந்தது. அப்படியிருந்தும் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் ஆண்டுதோறும் கும்பெனிக்குப் பெருந்தொகை செலுத்த வேண்டியவராயிருந்தார். நாட்டின் வருவாயோ நெல்லை நம்பியது. குறுவையும் சம்பாவும் அறுத்துக் களத்துக்கு வந்த பின்னரே பணம். கும்பெனியின் தவணை அதுவரை காத்திராது. இந்த இடைவெளியில் பணம் கொடுத்து உதவி, பின்னர் வட்டியோடு திரும்பப் பெறும் வணிகர்களுக்குத் தஞ்சையில் பெருஞ் செல்வாக்கு இருந்தது. அவர்களுள் முன்னிலையில் நின்றவர் பச்சையப்பர். அமர்சிங் மன்னர் காலத்தில் அவருடைய கொடுக்கல் வாங்கல் மிகவும் விரிந்திருந்தது.

வட்டி நமக்கு ஆகுமானதன்று. வரிக் குத்தகையின் சுமை இறுதியில் உழவன் தலையில்தான் விழுந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஈட்டிய வழியைப் பற்றியதன்று நம் பேச்சு. ஈட்டியதை அவர் என்ன செய்தார், அது பின்னர் என்னவாயிற்று என்பதே நாம் அறிய வேண்டியது.

நாற்பது வயதை எட்டும் நிலையில் பச்சையப்பர் நோயுற்றார். கும்பகோணத்தில் தங்கியிருந்தபோது, 1794ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் தம் உயிலை எழுதுவித்தார். தம் செல்வத்தின் பெரும்பகுதியைத் தருமத்திற்கென ஒதுக்கினார். காசி முதல் தென்கோடி வரையுள்ள தம் மதத்துப் புண்ணியத் தலங்களில் வழிபாடும் அன்னதானமும் நடைபெற வேண்டும் என்பதே அவ்வுயிலின் முதன்மையான நோக்கம். தம்மை வளர்த்த நாராயண பிள்ளையையே அதை நிறைவேற்றும் பொறுப்பாளராக ஆக்கினார். ஒன்பது நாட்கள் கழித்து, மார்ச் 31ஆம் நாள் திருவையாற்றில் அவர் உயிர் பிரிந்தது.

இதன் பிறகு நடந்ததுதான் நம் கவனத்திற்கு உரியது. உயில் எழுதப்பட்டது, பணமும் இருந்தது, தருமம் மட்டும் நடைபெறவில்லை. உறவினரிடையே வழக்கு மூண்டது. சொத்து கைமாறிக் கைமாறிச் சென்றது. பொறுப்பேற்றவர்கள் மறைந்தனர், அவர்களின் வாரிசுகள் வந்தனர், கணக்கு கேட்பார் இல்லை. ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து முதுமையெய்தும் அளவுக்குக் காலம் கடந்தது. வள்ளலின் பெயரை ஊர் மறந்துகொண்டிருந்தது. அவர் எண்ணிய சோறு பசித்தவன் இலையில் விழவில்லை. உயில் எழுதிவிட்டால் தருமம் தானே நடந்துவிடும் என்று எண்ணுவோருக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறில்லை.

இறுதியில் நீதிமன்றமே தலையிட்டது. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் கும்பெனி அரசின் தலைமை வழக்கறிஞர்கள் இந்த அறநிதியை மீட்க வழக்காடினர். அவர்களுள் ஜார்ஜ் நார்ட்டன் என்பாரின் பெயர் சிறப்பாகச் சொல்லத்தக்கது. கணக்குகள் கேட்கப்பட்டன. உயிலின் வாசகம் வரி வரியாகப் படிக்கப்பட்டது. உயிலில் குறித்த சமயத் தருமங்களுக்கு உரிய தொகையை ஒதுக்கிய பின்னும், நெடுங்காலத்து வட்டி சேர்ந்து பெருந்தொகை மிஞ்சியிருந்தது. அந்த மிச்சத்தை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்குச் செலவிடலாம் என்று 1841ஆம் ஆண்டளவில் வழி வகுக்கப்பட்டது. சொத்தைத் தனி ஒருவர் கையில் விடாமல், அறங்காவலர் குழுவொன்றின் பொறுப்பில் வைத்தனர்.

1842ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சென்னையில் பச்சையப்பர் பெயரால் பள்ளி திறக்கப்பட்டது. வள்ளல் மறைந்து ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1850இல் எஸ்பிளனேடு பகுதியில் பச்சையப்பர் மண்டபம் எழுந்தது. காஞ்சிபுரத்திலும், கொள்ளிடத்திற்கு அப்பாலுள்ள சிதம்பரத்திலும் பள்ளிகள் ஏற்பட்டன. சென்னைப் பள்ளி வளர்ந்து 1889இல் முதல்நிலைக் கல்லூரியாயிற்று. 1940இல் சேத்துப்பட்டுக்கு இடம் பெயர்ந்தது. பேரறிஞர் அண்ணா பயின்றது அக்கல்லூரியில்தான்.

நம் பகுதியார் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுசன், 1904இல் அவ்வூர் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதம் தவிர வேறு பாடங்களில் மனம் செலுத்தாமையால் அத்தொகையை இழந்தார், படிப்பும் நின்றது. 1906இல் அவர் மீண்டும் படிக்கச் சேர்ந்த இடம் பச்சையப்பன் கல்லூரி. அங்கும் அவர் தேர்ச்சி பெறவில்லை என்பது உண்மை. எனினும் ஓரிடத்தில் கதவு அடைபட்ட பிள்ளைக்கு மற்றோரிடத்தில் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதற்கு அது சான்று. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிய பின்னரே அவருடைய வாழ்வு திரும்பியது. கும்பகோணத்தில் எழுதப்பட்ட உயில், நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கும்பகோணத்துப் பிள்ளை ஒருவருக்கு வகுப்பறையில் இடம் தந்தது!

நம் பிள்ளைகளின் நிலை என்ன? இந்து மாணவர் மட்டுமே சேரலாம் என்ற விதி 1947ஆம் ஆண்டு வரை அக்கல்லூரியில் இருந்தது. அதை நாம் குறையாகச் சொல்லவில்லை. அறநிதி எவருக்கென்று ஏற்பட்டதோ அவருக்கே சென்றது. வக்ஃபு செய்தவரின் நிபந்தனையை மதிக்க வேண்டும் என்பது நம் மார்க்கச் சட்டத்திலும் உள்ளதே. காலம் மாறியபோது அக்கதவு எல்லோருக்கும் திறந்தது. நம் முன்னோரும் தம் பங்கிற்குக் கல்விக் கதவுகளைத் திறந்தனர். திருச்சியில் 1951இல் ஜமால் முஹம்மது கல்லூரியும், அதிராம்பட்டினத்தில் 1955இல் காதிர் முகைதீன் கல்லூரியும் தோன்றின. ராஜகிரி, பண்டாரவாடை, வழுத்தூர், அய்யம்பேட்டை, கூத்தாநல்லூர் போன்ற ஊர்களிலிருந்து அங்கு சென்று பட்டம் பெற்றோர் பலர். அக்கல்லூரிகளில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பயில்கின்றனர்.

பச்சையப்பர் அறக்கட்டளையின் கீழ் இன்று பல கல்லூரிகள் இயங்குகின்றன. ஆயினும் அண்மை ஆண்டுகளிலும் நிர்வாகச் சிக்கல் எழுந்து, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை உயர் நீதிமன்றம் இடைக்கால நிர்வாகியாக நியமிக்க நேர்ந்தது. அறநிதிக்குக் காவல் ஒரு தலைமுறையோடு முடிவதில்லை என்பதை இது காட்டுகிறது.

இவ்வாழ்விலிருந்து நாம் பெறும் படிப்பினை இரண்டு. முதலாவது, மாணவரையும் பெற்றோரையும் பற்றியது. சிறுபான்மையினருக்கான ஒன்றிய அரசின் பள்ளி உதவித்தொகை, 2022 முதல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை இல்லை என்றாகிவிட்டது. ஆராய்ச்சி மாணவர்க்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையும் அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டது. மாநில அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் மாதம் 1000 ரூபாய் தருவதற்கென 2022, 2024ஆம் ஆண்டுகளில் தொடங்கப்பட்டன. ஆனால் கல்லூரியில் சேரும் நாளில் கேட்கப்படும் கட்டணத்திற்கு அவை ஈடாகா. ஆகவே ஊர்ப்புற, வட்டார அறக்கட்டளைகளின் உதவி முன்னைவிட இப்போது மிகுதியும் தேவையாகிறது. அத்தகைய உதவி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் உயிலோ பத்திரமோ இருக்கிறது. எவருக்கு, எந்தப் படிப்புக்கு, எந்த ஊராருக்கு, எவ்வளவு வருமானத்திற்குள் என்பது அதில் வரையறுக்கப்பட்டிருக்கும். அதை அறியாமல் பத்து இடத்தில் மனுப் போடுவதைவிட, அறிந்து இரண்டு இடத்தில் போடுவது மேல். மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், கல்லூரியில் பயிலும் சான்று, கட்டண ரசீது, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றைத் தேர்வு முடிவு வருமுன்பே இயன்றவரை ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும். தகுதியிருந்தும் ஒரு சான்றிதழ் தாமதமானதால் உதவியை இழப்பது பெருந்துயரம்.

இரண்டாவது, நிர்வாகத்தைப் பற்றியது. நம் டெல்டாப் பகுதியின் பள்ளிவாசல்கள் பலவற்றுக்கு நஞ்சையும் புஞ்சையும் கடைகளும் முன்னோர் வக்ஃபாக விட்டுச் சென்றவை. அவற்றின் பத்திரங்கள் பல இரும்புப் பெட்டிக்குள் உறங்குகின்றன. எந்த நோக்கத்திற்காக விடப்பட்டன, நோக்கம் நிறைவேறிய பின் மிச்சம் உண்டா, அம்மிச்சத்தைக் கல்விக்கு அளிக்க மார்க்கமும் சட்டமும் இடம் தருகின்றனவா என்பதை ஆலிம்களையும் சட்டம் அறிந்தவர்களையும் கொண்டு ஆராய்வது நம் கடமை. பத்திரங்களின் நகலெடுத்துப் பதிவேடு ஒன்று வைத்தலும், வெளியூர் அறக்கட்டளைகளின் உதவித்தொகை அறிவிப்புகளைத் திரட்டிக் கல்வியாண்டின் தொடக்கத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுதலும், விண்ணப்பம் நிரப்பத் தெரியாத பெற்றோருக்குப் படித்த இளைஞர் இருவர் ஜும்ஆவுக்குப் பின் அமர்ந்து உதவுதலும் பெரும் பொருட்செலவு இல்லாமலே செய்யக்கூடியவை.

கணக்கு கேட்பதைச் சிலர் நம்பிக்கையின்மை என்று எண்ணி மனம் வருந்துகின்றனர். பச்சையப்பரின் செல்வம் கெட்டுப் போகாமல் மீண்டதற்குக் காரணம், எவரோ ஒருவர் கணக்கு கேட்டதுதான். கேட்பவர் முத்தவல்லிக்குப் பகைவர் அல்லர். மறுமையில் அவருடைய சுமையைக் குறைக்க உதவுபவர். நீதிமன்றம் கேட்கும் வரை காத்திராமல் ஜமாஅத்தாரே கேட்டு, நிர்வாகத்தாரே மகிழ்ந்து காட்டும் ஊரில், வக்ஃபு செய்தவரின் நன்மை ஒரு நாளும் தடைபடாது.

மறைந்த பின்னும் நன்மை சேர்க்கும் நிலையான தருமத்தை விட்டுச் சென்ற நம் முன்னோரின் கப்ருகளை அல்லாஹ் ஒளியுறச் செய்வானாக! அவர்கள் விட்ட பொருளை உரியவரிடம் சேர்க்கும் நேர்மையை நமக்கும், அதைத் தேடிப் பெற்றுக் கற்றுயரும் ஊக்கத்தை நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.