ராபர்ட் சீவெல்: ரோமானியக் காசு கிடைத்த ஊர்களைச் சேகரித்த கலெக்டர்

அரக்கோணம் பக்கம் வீடு கட்டப் பள்ளம் தோண்டும்போது ஒரு கலயம் நிறைய பழைய தங்கக் காசு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன நடக்கும்? ஒண்ணு, நகைப் பட்டறையில் உருகும். இல்லைன்னா, யாரோ ஒரு சேகரிப்பாளரின் ஆல்பத்துக்குப் போகும். எந்த ஊரில், எத்தனை காசு, எந்தெந்தக் காசோடு சேர்ந்து கிடைத்தது என்ற தகவல் இரண்டிலுமே தொலைந்துவிடும். 120 ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தகவலைத் தேடிப் போனவர் ராபர்ட் சீவெல்.

யார் இவர்?

1845-ல் பிறந்த ஆங்கிலேயர். சென்னை மாகாண சிவில் சர்வீஸ் அதிகாரி. பெல்லாரி கலெக்டராகவும் இருந்தார். விஜயநகரப் பேரரசைப் பற்றி 1900-ல் எழுதிய புத்தகத்தால்தான் இன்றும் அறியப்படுகிறார். 1877-ல் அமராவதி ஸ்தூபியில் அகழாய்வு செய்தார். 1882, 1884-ல் மாகாணத்தின் தொல்சின்னங்களை ஊர் ஊராகப் பட்டியலிட்டு வெளியிட்டார். அரக்கோணமும் வேலூரும் இருந்த அன்றைய வட ஆற்காடு மாவட்டமும் அதில் உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு, 1904-ல், இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகள் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்.

காசில் என்ன இருக்கு?

அந்தக் காலத்து ரோமானியக் காசு வெறும் பணமில்லை, அரசின் விளம்பரமும்கூட. பேரரசர் அகஸ்டஸ் தன் வாரிசுகளான கையஸ், லூசியஸ் இருவரையும் கௌரவித்து வெள்ளிக் காசு அடித்தார். இருவரும் இளம் வயதிலேயே இறந்துபோனார்கள். ஆனால் அவர்கள் உருவம் பொறித்த காசுகள் தமிழ்நாட்டுப் புதையல்களில் ஏராளமாகக் கிடைத்தன.

பட்டியல் சொன்ன கதை

1842-ல் கோவை வெள்ளலூரில் 500-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள். 1898-ல் புதுக்கோட்டையில் 501 தங்கக் காசுகள். இப்படிக் கிடைத்த இடங்களை எல்லாம் வரிசைப்படுத்தியபோது, கொங்குப் பகுதியும் மதுரைப் பக்கமும் தனித்துத் தெரிந்தன. மிளகும், காங்கேயம் அருகே படியூரில் கிடைத்த பச்சைக்கல்லும்தான் ரோமானியர்களை இழுத்தன என்றார் சீவெல். அகஸ்டஸ் முதல் நீரோ வரை வணிகம் உச்சத்தில் இருந்தது, பிறகு சரிந்தது என்பது அவர் முடிவு.

புதுக்கோட்டைக் காசுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் மன்னர் முகத்தில் உளி வெட்டு இருந்தது. விற்பவருக்கு அது சேதாரம். ஆய்வாளருக்கோ, அவை இனி பணமாகப் புழங்கக்கூடாது என்று யாரோ வேண்டுமென்றே செய்ததற்கான தடயம்.

அவர் சொன்னது எல்லாம் சரியா?

இல்லை. நீரோவுக்குப் பிறகும் வணிகம் தொடர்ந்தது என்பதே இன்றைய ஆய்வாளர்கள் பலரின் கருத்து. நீரோ கி.பி. 64-ல் காசின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். அதனால் இங்கே பழைய காசுக்கே மவுசு இருந்திருக்கலாம். ஆனா ஒண்ணு: எந்த ஊரில் எந்த மன்னர் காசு என்று சீவெல் எழுதி வைத்ததால்தான், அவர் முடிவையே பின்னால் வந்தவர்கள் சரிபார்க்க முடிந்தது. 1925-ல் அவர் இறந்தார்.

இப்போ கிடைச்சா?

சீவெல் பணியில் இருந்தபோது வந்த 1878-ம் ஆண்டு புதையல் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். அரக்கோணத்துக்காரர்களுக்கு 2019 முதல் அது ராணிப்பேட்டை கலெக்டர். உரிமையாளர் இல்லாத புதையலை அரசு எடுத்துக்கொண்டால், உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது சட்டம். அதனால் காசைக் கழுவாமல், பிரிக்காமல், கலயத்தோடு அப்படியே ஒப்படைப்பதுதான் நல்லது.