கேள்வி எண் 289

1911ஆம் ஆண்டு, இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் 289 என்று எண்ணிடப்பட்ட ஒரு கேள்வி வெளிவந்தது. வாசகர்கள் ஒருவருக்கொருவர் கணக்குகளை விடுத்து விடை தேடிக்கொள்ளும் பகுதி ஒன்று அவ்விதழில் இருந்தது. அந்தப் பகுதிக்கு வந்த கேள்வி இது:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) = ?

வர்க்கமூலத்திற்குள் வர்க்கமூலம், அதற்குள் மற்றொன்று என்று முடிவில்லாமல் நீளும் இத்தொடரின் மதிப்பு என்ன என்பதே வினா. மூன்று இதழ்கள் வந்தன. ஆறு மாதங்களுக்கு மேல் கடந்தன. கல்லூரிப் பேராசிரியர்கள் பலர் படித்த அவ்விதழுக்கு ஒரு விடைகூட வரவில்லை. இறுதியில் கேள்வியை அனுப்பியவரே விடையையும் எழுதினார். விடை 3. அவருக்கு அப்போது வயது 23. பட்டம் இல்லை, நிலையான வேலையும் இல்லை. அவர்தான் சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தம் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் ஒரு சேலைக் கடையில் கணக்கெழுதுபவர். மாதச் சம்பளம் ஏறக்குறைய 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடுவார். வீட்டுச் செலவைச் சமாளிக்கக் கல்லூரி மாணவர்களைத் தங்கவைத்து உணவளித்தனர். இதனால் குடும்பத்திற்குக் கொஞ்சம் வருமானம் வந்தது. சிறுவன் இராமானுஜனுக்குக் கல்லூரிக் கணிதம் வந்தது. அம்மாணவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் அவர் விரைவில் கற்று முடித்தார். லோனி எழுதிய முக்கோணவியல் நூலை இரவல் வாங்கி, 13 வயதிலேயே அதிலுள்ள கணக்குகளைப் போட்டு முடித்தார். அதே நூல் இன்றும் இந்தியாவில் பொறியியல் நுழைவுத்தேர்வு எழுதும் மாணவர்கள் கையில் இருக்கிறது.

1903ஆம் ஆண்டு அவர் வாழ்வைத் திருப்பிய புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது. அதை எழுதியவர் ஜார்ஜ் கார் என்னும் ஆங்கிலேயர். பெரிய கணித மேதை என்று அவரைச் சொல்ல முடியாது. இலண்டனில் மாணவர்களைத் தேர்வுக்குத் தயார்ப்படுத்திய டியூஷன் ஆசிரியர் அவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வு அக்காலத்தில் மிகக் கடுமையானது; அதில் முதலிடம் பெறுவோர் நாடறிந்த மனிதர் ஆவர். இத்தகைய தேர்வுகளுக்குப் பயிற்றுவித்த குறிப்புகளைத் திரட்டிக் கார் நூலாக்கினார். ஏறக்குறைய 5000 முடிவுகள் வரிசை எண்ணிட்டு அதில் அடுக்கப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் கிடையாது. இருந்தாலும் ஓரிரு வரிக் குறிப்பு மட்டுமே.

வேறொரு மாணவன் இதனைச் சூத்திரங்களை மனனம் செய்யும் நூலாகக் கருதியிருப்பான். இராமானுஜன் ஒவ்வொரு முடிவையும் ஒரு பயிற்சிக் கணக்காக எடுத்துக்கொண்டார். இது ஏன் உண்மையாகிறது என்று தாமே வழி கண்டுபிடித்தார். கண்டுபிடித்த வழியில் இன்னும் சற்றுத் தொலைவு நடந்து, நூலில் இல்லாத முடிவுகளையும் அடைந்தார். காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழித்துவிட்டு, இறுதி முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். இரு பழக்கங்கள் இவ்வாறு அவரிடம் ஒட்டிக்கொண்டன. விடையைத் தாமே தேடுவது ஒன்று. வழியை எழுதாமல் விடுவது மற்றொன்று. முதலாவது அவரை உயர்த்தியது. இரண்டாவதற்கு அவர் பின்னாளில் விலை கொடுக்க நேர்ந்தது.

1904இல் பள்ளிப் படிப்பைக் கணிதப் பரிசுடன் முடித்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால் கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தோற்றதால் உதவித்தொகை பறிபோனது. குடும்பத்தால் கல்லூரிக் கட்டணம் கட்ட இயலாது. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்கு இரயிலேறினார். மீண்டு வந்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் உடலியல் பாடம் அவரை வீழ்த்தியது. இருமுறை தேர்வு எழுதியும் தேறவில்லை. கல்லூரிக் கதவு அத்துடன் மூடியது. பல பாடங்களையும் ஒருசேரக் கேட்கும் தேர்வுமுறையைக் குறை கூறுவது எளிது. ஆனால் ஓர் ஏழைக் குடும்பத்தின் மூத்த மகன் உதவித்தொகையை இழந்தபோது அவ்வீட்டார் பட்ட கவலையையும் நாம் மறக்கலாகாது.

1909இல் ஜானகியுடன் திருமணம் நடந்தது. இனி வேலை தேடியே ஆக வேண்டும். குறிப்பேடுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருக்கோயிலூருக்குச் சென்றார். அங்குத் துணை ஆட்சியராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தோற்றுவித்தவர். தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை கேட்டுத்தான் இராமானுஜன் போனார். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர் வேலை தர மறுத்துவிட்டார். இப்படிப்பட்ட அறிவைத் தாலுகா அலுவலகத்தில் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. மாறாக, சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் சில காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். இந்தக் காலத்தில்தான் 289ஆம் கேள்வி இதழில் வந்தது.

அக்கேள்விக்குத் திரும்புவோம். முதல் படிவ மாணவருக்கும் எட்டக்கூடிய ஓர் உண்மைதான் அதன் வேர். 3 என்பது 9இன் வர்க்கமூலம். 9ஐ 1 + 8 என்று பிரிக்கலாம். 8 என்பது 2 × 4. ஆகவே, 3 = √(1 + 2 × 4). இப்போது 4ஐப் பார்ப்போம். அது 16இன் வர்க்கமூலம்; 16 = 1 + 3 × 5. எனவே 3 = √(1 + 2√(1 + 3 × 5)). அடுத்து 5; அது 25இன் வர்க்கமூலம்; 25 = 1 + 4 × 6. ஒவ்வொரு முறையும் கடைசி எண் ஒரு புதிய வர்க்கமூலமாக விரிகிறது. எந்த எண்ணையும் அதைவிட இரண்டு கூடிய எண்ணால் பெருக்கி ஒன்றைச் சேர்த்தால், நடுவிலுள்ள எண்ணின் வர்க்கம் கிடைக்கும். இவ்வளவே இரகசியம்.

எனினும் கவனமான வாசகர் ஒன்றைக் கேட்க வேண்டும். முடிவில்லாமல் விரித்துக்கொண்டே போனால் கடைசியில் விடப்படும் பகுதி என்ன ஆகிறது? தொடரை √(1 + 4) என்பதோடு நிறுத்திக் கணக்கிட்டால் 2.56 வருகிறது. ஒரு படி கூட்டினால் 2.76, இன்னொரு படி கூட்டினால் 2.87. மதிப்பு 3ஐ நெருங்குகிறது. ஆனால் நெருங்குவதுபோல் தெரிவது வேறு, நெருங்குகிறது என்று நிறுவுவது வேறு. இராமானுஜன் அனுப்பிய விடையில் இந்தப் பகுதி இல்லை. அதே கேள்வியில் இரண்டாவதாகவும் ஒரு தொடர் இருந்தது: √(6 + 2√(7 + 3√(8 + …))). இதன் மதிப்பு 4. 16ஐ எப்படிப் பிரிப்பது என்பதிலிருந்து தொடங்கினால் வழி புலப்படும்.

1912ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்குத் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் அறிந்தவர்; அலுவலகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார். 1913 ஜனவரி 16ஆம் நாளிட்டு, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்னும் கணித அறிஞருக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். அதற்கு முன் வேறு இருவருக்கு எழுதியும் பயன் இல்லை. கடிதத்துடன் ஏறக்குறைய 120 முடிவுகள் இணைக்கப்பட்டிருந்தன. வழக்கம்போல் நிறுவல் இல்லை. ஹார்டி தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் இரவு வெகுநேரம் அவற்றை ஆராய்ந்தார். சில முன்பே அறியப்பட்டவை. சில அவர்கள் கண்டிராதவை. பகா எண்களைப் பற்றிய ஒரு முடிவு பிழையானது. ஆயினும் எழுதியவர் அரிய மேதை என்பதில் ஹார்டிக்கு ஐயம் இருக்கவில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. மாணவர்களைத் தந்திரக் கணக்குகளில் பழக்கி வரிசைப்படுத்தும் கேம்பிரிட்ஜ் தேர்வை மாற்றப் பாடுபட்டவர்களுள் ஹார்டியும் ஒருவர். 1909க்குப் பின் அத்தேர்வின் தரவரிசைப் பட்டியல் கைவிடப்பட்டது. அத்தகைய தேர்வுப் பயிற்சியில் பிறந்த நூலைப் படித்து வளர்ந்த ஒருவரையே அவர் இப்போது கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார்.

1914 மார்ச் 17ஆம் நாள் இராமானுஜன் கப்பலேறினார். அவ்வாண்டு டிசம்பரில் நடந்த ஒரு நிகழ்ச்சி அவர் சிந்திக்கும் முறையைத் தெளிவாகக் காட்டும். அவருடைய அறைக்கு மகாலனோபிஸ் என்னும் வங்காள மாணவர் வந்திருந்தார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர் அவரே. இராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருக்க, மகாலனோபிஸ் ஒரு மாத இதழ்ப் புதிரைப் படித்துக் காட்டினார்.

அப்புதிரை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். ஆயர் ஈத்தாமில் ஒரு தாமானில், சாலையின் ஒரே பக்கத்தில் 1, 2, 3 என்று எண்ணிட்ட வரிசை வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். (நம் தாமான்களில் ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை என்று எண்கள் வருவதுண்டு, இங்கு அதனை மறந்துவிடலாம்.) ஒரு வீட்டின் இடப்பக்க எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்க எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50க்கு மேல், 500க்குள். அந்த வீட்டின் எண் என்ன?

மகாலனோபிஸ் சில நிமிடங்கள் முயன்று விடை கண்டார்: 288 வீடுகளில் 204ஆம் வீடு. இருபுறமும் கூட்டுத்தொகை 20,706. இராமானுஜனோ கிளறுவதை நிறுத்தாமலே ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்த ஒரே பின்னத்தில் எல்லா விடைகளும் அடங்கியிருந்தன: 8 வீடுகளில் 6ஆம் வீடு, 49 வீடுகளில் 35ஆம் வீடு, பின்னர் 204, அதன் பிறகும் முடிவில்லாத வரிசை. ஒருவர் கேட்ட கேள்விக்கு விடை கண்டார். மற்றவர் அக்கேள்வி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதையே கண்டார்.

கேம்பிரிட்ஜில் அவர் நிறுவலைக் கற்றார். ஹார்டியுடன் சேர்ந்து எண்களின் பிரிவினையை ஆராய்ந்தார். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வழிகளில் பிரிக்கலாம். 100க்கு அத்தகைய வழிகள் 190,569,292. இவற்றை நெருக்கமாகக் கணக்கிடும் சூத்திரத்தை இருவரும் 1918இல் வெளியிட்டனர். இராமானுஜன் எண்ணிக்கைப் பட்டியலைப் பார்த்தே வேறொன்றையும் கண்டார். 4க்கு 5 வழிகள், 9க்கு 30, 14க்கு 135, 19க்கு 490. 4இலோ 9இலோ முடியும் எண்ணுக்குரிய எண்ணிக்கை எப்போதும் 5ஆல் மீதியின்றி வகுபடும். இம்முறை அவர் நிறுவலையும் எழுதினார்.

போர்க்காலம், குளிர், மரக்கறி உணவுக்குத் தட்டுப்பாடு ஆகியவை அவர் உடலை நலிவித்தன. 1917 முதல் மருத்துவமனைகளிலேயே பெரும்பகுதி கழிந்தது. 1729 என்னும் வாடகைக் கார் எண்ணைப் பற்றிப் பலரும் அறிந்த கதை அந்நாள்களுக்குரியது. 1918இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியும் அவரை உறுப்பினராக்கியது. 1919இல் நாடு திரும்பினார். நோயிலும் கணக்குகளை எழுதிக்கொண்டே இருந்தார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் மறைந்தார். வயது 32.

அவருடைய கடைசி ஆண்டின் தாள்கள் இங்கிலாந்து சென்று, பின் கண்ணில் படாமல் கிடந்தன. 1976இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் டிரினிட்டி நூலகத்தில் அவற்றைக் கண்டெடுத்தார். நிறுவலின்றி விடப்பட்ட முடிவுகளுக்கு நிறுவல் எழுதும் பணி பலரது வாழ்நாளை எடுத்துக்கொண்டது.

இராமானுஜன் இதழுக்கு அனுப்பிய கேள்விகள் மொத்தம் 58. 20 வயதுக்குட்பட்ட மாணவர் பங்கேற்கும் அனைத்துலகக் கணித ஒலிம்பியாட் 1959இல் ருமேனியாவில் தொடங்கியது. மலேசியா 1995 முதல் பங்கேற்கிறது. அதற்குப் பயிலும் மாணவர்கள் இன்று சந்திக்கும் கணக்குகளுக்கு இந்த 58உம் நெருங்கிய உறவு. அவற்றுள் 464ஆம் கேள்வி 1913இல் வந்தது. 2இன் அடுக்குகளான 8, 16, 32, 128, 32,768 ஆகியவற்றிலிருந்து 7ஐக் கழித்தால் முறையே 1, 9, 25, 121, 32,761 கிடைக்கும். அனைத்தும் முழு வர்க்கங்கள். கடைசி எண் 181இன் வர்க்கம். இப்படிப்பட்ட வேறு அடுக்குகளைக் கண்டுபிடிக்குமாறு அவர் கேட்டிருந்தார். 1948இல் நார்வே நாட்டுக் கணிதவியலாளர் நாகெல், வேறு எதுவும் இல்லை என்று நிறுவினார். அப்போது இராமானுஜன் மறைந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.