காஸ்மிக் கதிர்களைத் தேடி பலூனில் பறந்த விக்டர் ஹெஸ்!

காற்று மின்சாரத்தைக் கடத்தாது என்றுதான் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆனால், 1900-களின் தொடக்கத்தில் ஒரு சின்னக் கருவி விஞ்ஞானிகளைக் குழப்பிக்கொண்டே இருந்தது. அதன் பெயர் எலெக்ட்ரோஸ்கோப். மின்னூட்டம் கொடுத்து இறுக்கி மூடி வைத்தாலும், அது மெல்ல மெல்லக் குறைந்துபோனது. ஏதோ ஒரு கதிர்வீச்சு உள்ளே இருக்கும் காற்றை அயனியாக்குகிறது, அதாவது காற்றின் மூலக்கூறுகளிலிருந்து எலெக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது என்பது புரிந்தது. சரி, அது எங்கிருந்து வருகிறது?

பூமிக்குள் இருக்கும் கதிரியக்கத் தனிமங்கள்தான் காரணம் என்று பலரும் நம்பினார்கள். அப்படின்னா, மேலே போகப் போக அது குறையணும் இல்லையா? 1910-ல் தியோடர் வுல்ஃப் என்ற பாதிரியார் ஈஃபிள் கோபுரத்தின் உச்சியில் அளந்து பார்த்தார். எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை.

இந்தப் புதிரைக் கையில் எடுத்தவர்தான் விக்டர் ஹெஸ். 1883-ல் ஆஸ்திரியாவில் பிறந்தவர். அப்பா ஒரு பிரபுவின் காடுகளைப் பராமரித்தவர். கிராஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய ஹெஸ், வியன்னா ரேடியம் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தார். கருவிகளோடு வானத்துக்கே போய் அளந்துவிடுவது என்று முடிவெடுத்தார். 1912-ல் மட்டும் 7 முறை பலூனில் பறந்தார்.

முதல் சந்தேகம் சூரியன் மேல். ஏப்ரல் 17 அன்று சூரிய கிரகணத்தின்போது பறந்தார். நிலா சூரியனை மறைத்தும் அயனியாக்கம் குறையவில்லை. ஆக, முக்கியக் காரணம் சூரியன் இல்லை.

ஆகஸ்ட் 7 அன்று பொஹீமியாவிலிருந்து ஹைட்ரஜன் பலூனில் கிளம்பி, 5 கி.மீ.க்கு மேல் உயர்ந்தார். திறந்த கூடை, மெலிந்த காற்று, தலைக்கு மேலே எளிதில் தீப்பற்றும் வாயு. அந்த உயரத்தில் அயனியாக்கம் தரையைவிடக் கணிசமாக அதிகமாக இருந்தது. பெர்லின் அருகே தரையிறங்கியபோது அவர் கையில் விடை இருந்தது: கதிர்வீச்சு மேலிருந்துதான் வருகிறது.

பலர் உடனே நம்பவில்லை. 1925-ல்தான் ராபர்ட் மில்லிகன் அதற்குக் காஸ்மிக் கதிர்கள் என்று பெயர் வைத்தார். ஹெஸ்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1936-ல், அதாவது 24 வருடங்கள் கழித்து. அதற்குள் ரேடியம் ஆய்வில் ஏற்பட்ட காயத்தால் ஒரு கட்டைவிரலை இழந்திருந்தார்.

நோபல் வாங்கியும் நிம்மதி கிடைக்கவில்லை. 1938-ல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியதும் பேராசிரியர் வேலை பறிபோனது. அவருடைய மனைவி யூதர். இருவரும் அமெரிக்கா போனார்கள். நியூயார்க்கில் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஹெஸ், 1964-ல் காலமானார்.

இந்தக் கதிர்களில் பெரும்பாலானவை புரோட்டான்கள் என்பது இப்போது தெரியும். அவை காற்றில் மோதிச் சிதறி, துகள் மழையாகக் கீழே இறங்குகின்றன. சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால் அங்கிருந்து வரும் துகள்களும் சேர்ந்துகொள்ளும். நீங்கள் விமானத்தில் 10 கி.மீ. உயரத்தில் பறக்கும்போது, தரையில் இருப்பதைவிட அதிகமான காஸ்மிக் கதிர்கள் உடலை ஊடுருவிச் செல்கின்றன. எப்போதாவது பயணிப்பவர்களுக்குப் பயமில்லை. ஆனால், அடிக்கடி பறக்கும் விமான ஊழியர்களுக்குப் பல நாடுகளில் அந்த அளவைக் கணக்கு வைக்கிறார்கள்.